நான்கு மணி வரை பாட்டு

கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டு மலரில் அந்த நாளுக்கு ஒரே ஒரு வரிதான்: ‘அணை உடைந்த செய்தியை முதலில் தந்தது நம் பத்திரிகையே.’ அது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

1936. அமெரிக்காவின் ஓஹையோவில் எங்கள் ஊர்ப் பத்திரிகையும் வானொலியும் ஒரே முதலாளிக்கு, ஒரே கட்டடத்தில். கீழே அச்சு இயந்திரம், மாடியில் என் மைக். பத்திரிகை தெருவுக்குப் போகும் முன் ஒரு செய்தியையும் நான் வாசிக்கக் கூடாது. ஓசியில் காதில் விழுந்தால் எவன் வாங்கிப் படிப்பான் என்பது முதலாளி ஹாலோரனின் கவலை.

அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டேகாலுக்குப் போன் வந்தது. ஆலைக்காரர்களின் அணை உடைந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஆற்றோரத்துப் பள்ளப் பகுதியான கீழ்க்கரைக்கு வந்துவிடும். கீழ்க்கரையில்தான் என் தம்பி எம்மெட் குடும்பத்தோடு இருந்தான். முதலாளி அறைக்கு ஓடினேன்.

“சார், இப்பவே சொல்லிடறேன்.”

“நாலு மணிக்குப் பேப்பர் வருது. அப்புறமா சொல்லு.”

“அதுக்குள்ள தண்ணி வந்துடும் சார். என் தம்பி அங்க இருக்கான்.”

“போலீஸ்காரன் எதுக்கு இருக்கான்? நீ வாயத் தொறந்தே, நாளைக்கு அந்த மைக்ல வேற எவனாவது உக்காந்திருப்பான். போ, பாட்டப் போடு.”

வேலை போனவன் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். பயந்துவிட்டேன். தம்பி வீட்டில் போனும் கிடையாது. நடனப் பாட்டு ஒன்று போட்டேன், பிறகு சோப்பு விளம்பரம், பிறகு இன்னொரு பாட்டு. ஹாலோரன் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. போட்டது என் கைதான்.

நான்கு மணிக்குப் பத்திரிகை வந்தது. நான்கு ஐந்துக்கு நான் வாசித்தேன். கீழ்க்கரையில் மூன்றேகாலுக்கே தண்ணீர் கூரையைத் தொட்டுவிட்டது.

இரண்டு நாள் கழித்து, தப்பியவர்கள் தங்கியிருந்த சர்ச்சில் தம்பியின் பக்கத்து வீட்டு கோவல்சிக் அம்மாவைப் பார்த்தேன். போர்வைக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

“லாரிக்காரன் ஏறுங்க ஏறுங்கன்னு கத்திக்கிட்டே வந்தான். நாங்க ஏறிட்டோம். உன் தம்பி கையப் புடிச்சு இழுத்தேம்ப்பா, வரல. சிரிக்கிறான். ‘எங்கண்ணன் ரேடியோவுல இருக்கான். நெசமா இருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பானா? பாருங்க, பாட்டுதான போடறான்’னு சொல்லிட்டு, சத்தத்தக் கூட்டி வச்சான்.”