விரல் காளானும் பைக்குட்டியும்

கூட்ட அறைச் சுவரில் இரண்டு படங்களை ஒட்டியிருந்தார்கள். ஒன்றில், தாயின் வயிற்றுப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் குட்டி. முழுசாக வளர்ந்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பிராணி அது. மற்றதில், பட்ட கிளை ஒன்றைப் பழுப்பு விரல்களால் இறுக்கிப் பிடித்திருக்கும் காளான். இரண்டுமே அழிந்துகொண்டிருந்தன. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் குட்டியைப் பார்த்துத்தான் உருகினார்கள். காளான் ஆராய்ச்சிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுக்குக் கண்ணு இருக்கும்மா. பாத்ததும் மனசு இளகிடுது" என்றார் இயக்குநர்.

"கண்ணு இல்லன்னா சாகலாமா சார்?"

சிரித்துவிட்டு எழுந்து போனார்கள். சிரிக்காதவள் அவளுடைய தங்கை மட்டும்தான். அந்தக் குட்டிகளைக் காப்பது அவள் வேலை. காட்டுப்பூனைகள் நுழையாமல் வேலி போடத் தடம் குறித்ததும் அவள்தான். உயிருள்ள மரம் ஒன்றுகூட விழக்கூடாதென்று, பட்டுப்போன புதர்கள் வழியாகவே பார்த்துப் பார்த்து முளை அடித்திருந்தாள். நல்ல எண்ணம்தான். விரல் காளானோ பட்ட கிளையைத் தவிர வேறெங்கும் முளைக்காது. காட்டில் அதற்கு மிஞ்சியிருந்ததே அந்த ஒரு புதர்க்கூட்டம். சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலை மண்வாரி இயந்திரம் வந்தபோது, அக்கா அந்தப் புதருக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, மானத்த வாங்காத. எந்திரி."

"மாட்டேன்."

"நேத்தும் ரெண்டு குட்டிய பூனை தூக்கிட்டுப் போச்சு. தெரியுமா உனக்கு?"

"தெரியும். வேலி வேணாம்னு நான் சொன்னேனா? வளைச்சுப் போடு."

"வளைச்சா நல்ல மரத்த வெட்டணும்."

"வெட்டு. மரம் காடு பூரா இருக்கு. இது இங்க மட்டும்தான்டி இருக்கு."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அக்கா அசையவில்லை. காலடியில் தாழ்ந்திருந்த ஒரு கிளையைத் தங்கை முதல்முறையாகக் குனிந்து பார்த்தாள். பழுப்பு விரல்கள் செத்த மரத்தை விடாமல் பிடித்திருந்தன. அக்காவின் பிடிவாதம் அவளுக்குத் தெரியாததா? கோபத்தில் அழுகை வந்தது.

"இன்னும் ஒரு குட்டி போச்சுன்னா உன்ன ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்."

"மன்னிக்காத."

புதரோரம் தான் அடித்திருந்த முளையைத் தங்கை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினாள். மண் ஒட்டிய முளையோடு திரும்பினாள். இடப்பக்கமும் வலப்பக்கமும் பச்சை மரங்கள் நெருக்கியடித்து நின்றன. எதன் அடியில் நடுவதென்று தெரியாமல், ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாள்.