எகுவ, திகுவ

இன்ஸ்பெக்டர் சிரஞ்சீவி மசால் வடையின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, எண்ணெய் விரலை விசாரணைக் கோப்பின் அட்டையிலேயே துடைத்துவிட்டு, "இன்னொரு சாரி, இன்னொரு தடவ, அந்தப் பதிவப் போடுப்பா" என்றார். கோப்புக்குள் செத்துப்போன பொன்னியம்மாவின் படம் இருந்தது. வயர்லெஸ் ஆபரேட்டர் தாட்சாயணி அந்த எண்ணெய்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசாரணை என்று காலை பத்து மணிக்குச் சித்தூர் போலீஸ் கன்ட்ரோல் ரூமின் பின்னறையில் அவளை உட்காரவைத்தார்கள். பதினொன்றரைக்குள் இரண்டு முறை டீயும் ஒரு முறை வடையும் வந்துவிட்டன. ஒரு பெண்ணின் சாவை நடுவில் வைத்துக்கொண்டு மனிதர்களால் இவ்வளவு சாப்பிட முடியும் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

எதிரில் லேப்டாப்போடு இருந்தவன் கௌஸ்துப், புது வயர்லெஸ் செட்டுகளைக் கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர், திருப்பதிக்காரப் பையன். பட்டனைத் தட்டினான். பதினைந்து நாளுக்கு முந்தைய குரல், பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல, மறுபடி எழுந்தது.

"...குவ சிந்தலகுண்டா. டிராக்டர் போல்தா. ஆம்புலன்ஸ் பம்பிஞ்சண்டி."

டிராக்டர் கவிழ்ந்துவிட்டது, ஆம்புலன்ஸ் அனுப்புங்கள். பேசியது ஹெட்கான்ஸ்டபிள் ஏழுமலை. கேட்டது ஆபரேட்டர் தாட்சாயணி. வழக்கு முழுவதும் அந்த முதல் சொல்லில்தான் இருந்தது. தெலுங்கில் எகுவ என்றால் மேல், திகுவ என்றால் கீழ். மலையை ஒட்டிய ஊர்களில் பாதி இப்படி இரட்டைப் பிள்ளைகளாகவே பெயர் வைத்துக்கொண்டிருக்கின்றன. எகுவ சிந்தலகுண்டாவுக்கும் திகுவ சிந்தலகுண்டாவுக்கும் நடுவே ஒரே ஒரு குன்று. ஆனால் வண்டி அதைச் சுற்றிக்கொண்டு பதினாறு கிலோமீட்டர் போகவேண்டும். தாட்சாயணி வண்டியை எகுவவுக்கு அனுப்பினாள். மாங்காய் பறிக்கப் போன பெண்கள் விழுந்து கிடந்தது திகுவவில். வண்டி திரும்பி வந்து சேர்வதற்குள் பொன்னியம்மாவின் ரத்தம் போகவேண்டிய அளவு போய்விட்டது.

பழைய செட் இரைச்சல் போடும், உண்மைதான். மழை நாளில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளே மனிதக் குரல் முழுதாக இருக்கும். புது செட்டில் இரைச்சலே கிடையாது. பட்டனை அழுத்தி, 'பீப்' என்று அது அனுமதி கொடுத்த பிறகு பேசவேண்டும். அதற்குமுன் வாயைத் திறந்தால் அரை விநாடிப் பேச்சைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு மீதியைப் பளபளவென்று கொண்டுவந்து கொடுக்கும். விபத்தைப் பார்த்தவன் எவன் பீப்புக்காகக் காத்திருப்பான்? ஆகவே கான்ஸ்டபிள்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எதைச் சொல்வதானாலும் முதலில் "கோவிந்தா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள். செட் கோவிந்தாவைத் தின்னும்; ஊர்ப்பெயர் தப்பிக்கும். இந்த மண்ணில் அதைச் சொல்லிக்கொடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. நான்கு மாதம் ஒரு வண்டியும் தவறான ஊருக்குப் போகவில்லை.

அது பொறுக்குமா? எங்கேயோ ஏசி அறையில் யாரோ பதிவுகளைக் கேட்டிருக்கிறார்கள். வயர்லெஸ்ஸில் அலுவலுக்குத் தேவையற்ற சொற்கள் கூடாது, மீறினால் நடவடிக்கை என்று மெமோ வந்தது. அடுத்த பத்தாம் நாள் டிராக்டர் கவிழ்ந்தது.

"ஏமம்மா, தெளிவா திகுவன்னுதானே வருது?" என்றார் சிரஞ்சீவி. எந்த வாக்கியத்தையும் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிக்கிறவர் அவர். "எனக்குக் கேக்குது. இந்தப் பையனுக்குக் கேக்குது. நீக்கு மட்டும் ஏன் கேக்கல?"

"உங்களுக்கு ஊரு பேரு முன்னாடியே தெரியும் சார்."

"மேடம், ஆடியோ குவாலிட்டி அஞ்சுக்கு நாலு புள்ளி ரெண்டு," என்றான் கௌஸ்துப், திரையில் பச்சைக் கோடுகளைக் காட்டி. "சிஸ்டத்துல ஃபால்ட் இல்ல. பீப் வந்தப்புறம் பேசணும்னு டிரெய்னிங்லயே சொல்லியிருக்கோம்."

"ரத்தத்தப் பாத்துக்கினு ஒரு தடவ பேசிப் பாரு தம்பி. அப்பறம் பீப்பப் பத்திப் பேசலாம்."

அவன் குனிந்து கோடுகளைப் பார்த்தான். மறுபடி பட்டனைத் தட்டினான். இந்த முறை நடந்ததைத்தான் தாட்சாயணியால் தாங்க முடியவில்லை. அவளுக்கும் "திகுவ" என்று கேட்டது. 'தி' இல்லாத இடத்தில் அவள் காதே ஒரு 'தி'யைக் கொண்டுவந்து வைத்தது. காலையிலிருந்து எட்டுத் தடவை சொல்லிச் சொல்லி, அவள் உடம்பின் ஓர் உறுப்பையே அவர்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டார்கள். காதைப் பிய்த்து அந்த வடைத் தட்டில் வைத்துவிட்டுப் போகலாம்போல அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

அன்றைக்கு அவள் சும்மா இருக்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னாள். பதற்றத்தில் ஏழுமலை மறுபடியும் பீப்புக்கு முன்னாலேயே பேச, மறுபடியும் "...குவ". மூன்றாம் முறை கேட்டிருக்கலாம். ஆனால் ஆபரேட்டர் எத்தனை தடவை 'மறுபடி' என்கிறாள் என்பதை மெஷின் எண்ணிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் அது திறமைக் குறைவு என்று அவள் பெயரில் ஏறும். போன மாதம் ஏறியிருந்தது. எகுவ வளைவில்தான் எப்போதும் வண்டி கவிழும் என்று நினைத்தாள். அனுப்பிவிட்டாள். அந்த ஒரு நொடிக் கோழைத்தனத்தை நினைக்கும்போது அவளுக்கு இன்ஸ்பெக்டரைவிடத் தன்மேல்தான் அதிகம் வெறுப்பாக இருந்தது.

சிரஞ்சீவி தெலுங்கில் அச்சடித்த தாளை அவள் பக்கம் தள்ளினார். ஒலி தெளிவாக இருந்தது, கவனக்குறைவால் தவறாகக் கேட்டேன். கையெழுத்துப் போட்டால் ஒரு கண்டனக் குறிப்போடு வேறு பிரிவுக்கு மாற்றல், போடாவிட்டால் சஸ்பென்ஷன். போட்டுவிட்டால் செட்டில் குறையே இல்லை என்றாகிவிடும், மெமோவும் அப்படியே இருக்கும், அடுத்த ஊரின் பெயரையும் அது விழுங்கும்.

"யோசிச்சுக்கோ. பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

வராந்தாவில் ஏழுமலை தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெளிவா சொன்னேன்னு எழுதிக் குடுத்துட்டன்மா. பொண்ணு கண்ணாலம் நெருங்கிக்கினு வருது. சஸ்பெண்டு ஆனா என்னா பண்ணுவேன், சொல்லு."

"தெளிவாத்தானே சொன்ன. நீ பொய் எழுதல. எனக்கு வந்து சேரல, அவ்ளோதான்."

"அந்தப் பள்ளத்துல செல்லும் எடுக்கல. பொன்னியம்மாவ மடியில போட்டுக்கினு குந்தியிருந்தேன். 'வண்டி வருதா சார், வண்டி வருதா சார்'னு கேட்டுக்கினே இருந்திச்சு. வருது வருதுன்னு நானும் சொல்லிக்கினே இருந்தேன்." அவன் உள்ளங்கைகளைச் சட்டையில் தேய்த்தான். "அது கையெல்லாம் மாங்கா பாலு பட்டு ஒரே கருப்பு."

அவள் உள்ளே வந்தாள். சிரஞ்சீவி பல் குத்திக்கொண்டு பேனாவை நீட்டினார். தாளின் நடுவில், 'எனக்கு வந்த செய்தி' என்பதற்கு எதிரே, அவள் கைப்பட நிரப்பவேண்டிய ஒரு கோடு இருந்தது. தாட்சாயணி உட்கார்ந்தாள். இன்று கேட்டதை ஒதுக்கிவிட்டு, அன்று மூன்று நாற்பதுக்கு ஹெட்ஃபோனில் வந்ததை மட்டும் நினைத்துக்கொண்டாள். கோட்டின் தொடக்கத்தில் ஓர் எழுத்துக்கு இடம் விட்டு, 'குவ சிந்தலகுண்டா' என்று தெலுங்கில் எழுதினாள். 'ஒலி தெளிவாக இருந்தது' என்ற வரியைக் குறுக்கே அடித்தாள். 'மூன்றாம் முறை நான் கேட்காதது என் தவறு' என்று கீழே சேர்த்தாள். கையெழுத்தைப் போட்டாள்.

சிரஞ்சீவி தாளைத் திருப்பிப் பார்த்தார். "மொதல் அட்சரம் ஏதீ?"

"எனக்கு வரல சார்."

"விளையாடறியா? சஸ்பெண்டுதான், தெலுசா?"

"தெலுசு சார். அந்த எழுத்து உங்களுக்குக் கேட்டுதில்ல? நீங்களே உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

அவர் சட்டென்று பேனாவைப் பிடுங்கினார். காலி இடத்தில் முனையை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு, முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் போடுப்பா" என்றார். கௌஸ்துப் போட்டான். சிரஞ்சீவி கண்களை மூடிக்கொண்டு கேட்டார். "மறுபடி." போட்டான். "மறுபடி." மின்விசிறிக் காற்றில் தாளின் ஓரம் படபடத்தது. எழுத்தாகாமல் நின்ற பேனா முனையின்கீழ் ஒரு நீலப் புள்ளி மெல்ல ஊறி, அந்த ஓர் எழுத்துக்கான இடத்தில் பரவிக்கொண்டிருந்தது.