மிச்ச நாற்று

விதைச்சான்று அதிகாரி மதிவதனி மேடம் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கே நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு வரப்பில் நின்றேன். பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும், எனக்கென்ன! எங்கள் தெருவில் முதன்முதலாக விதைப்பண்ணை போட்டது நானும் என் வீட்டுக்காரர் கிளாட்சனும்தான். என் மாமியார் காலம்வரை அடுத்தவர் வயலில் நடவு நட்ட குடும்பம் இது. இனிமேல் எங்கள் நெல்லை வாங்கித்தான் மற்றவர்கள் விதைக்கப்போகிறார்கள்! வேற்று ரகம் கலந்திருக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வயல் கோவிந்தராசு அண்ணன் வண்டியை நிறுத்தினார்.

"என்ன தங்கச்சி, நம்ம மிச்ச நாத்து ஒங்க வடக்கு வயல்ல ஜம்முன்னு வந்துடுச்சே!"

வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐப்பசி மழையில் பயிர் அழுகிய இடங்களில் மறுபடி நட்டு நிரப்பியது கிளாட்சன்தான். எங்கள் பக்கம் நடவு முடிந்து வரப்பில் கிடக்கும் நாற்றுமுடியை யாரும் எடுத்து நட்டுக்கொள்ளலாம், கேட்கக்கூட வேண்டாம். அந்தப் பழக்கத்தில் இந்த மனுஷன் அண்ணனுடைய நாற்றை எடுத்து நட்டிருக்கிறார். அது வேறு ரகம்! வாய்க்கால் கரையில் நின்ற அவரிடம் ஓடினேன்.

"ஏங்க, ஒங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?"

"கை பாட்டுக்கு நட்டுடுச்சு ஜாய்ஸ். நேத்துதான் எனக்கே ஒறைச்சுது. ரெண்டு ரகமும் பாக்க ஒண்ணுபோல இருக்கு. அந்தம்மா பத்து எடம் பாப்பாங்க, போயிடுவாங்க. நீ வாயத் தொறக்காத."

ஞாயிறுதோறும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பொய் சொல்லக் கூடாது என்று பாடம் எடுக்கிறவள் நான். இப்போது என் நெஞ்சு மோட்டார் போட்டதுபோல் அடித்துக்கொண்டது. ஆண்டவரே, அந்தம்மாவே கண்டுபிடித்துவிடட்டும் என்று ஜெபித்தேன். எவ்வளவு சாமர்த்தியமான ஜெபம் பாருங்கள்!

மதிவதனி மேடம் வந்தார். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வயலில் இறங்கி, இடம் இடமாக நின்று கதிர்களை எண்ணினார். கரையேறிக் காலைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"வேற ரகம் ஒண்ணுமே சிக்கல. முதல் தடவைங்கிறீங்க, அருமையா வச்சிருக்கீங்க. கையெழுத்துப் போட்டுடலாமா?"

எங்கள் விதையை நம்பிக் கடன் வாங்கி விதைக்கப்போகிற ஏதோ ஒரு பெண்ணை நினைத்தேன். அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது.

"மேடம், வடக்கு வயல்ல வேற ரகம் கலந்திருக்கு. நாங்கதான் நட்டோம்."

சொன்ன மறுகணம் அந்தப் படபடப்பு போன இடம் தெரியவில்லை. நிமிர்ந்து நின்று மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். எந்த அதிகாரியின் முன்னாலும் நான் அதுவரை அப்படி நின்றதில்லை. எனக்குள் ஒரு குதியாட்டம், கத்திப் பாடலாம்போல இருந்தது. கிளாட்சன் மட்டும் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

மேடம் பேனாவை மூடினார்.

"அப்ப வடக்கு வயல நிராகரிச்சுத்தான் ஆகணும். நடுவுல வாய்க்கா இருக்கறதால தெற்கு வயலுக்குச் சான்று தரலாம். அது சுத்தம்தானே?"

"சுத்தம் மேடம்!" என்றேன் நான். பாதியாவது பிழைத்ததே! ஆண்டவருக்கு வாய்விட்டே நன்றி சொன்னேன்.

மேடம் படிவத்தில் எழுதத் தொடங்கினார். கிளாட்சன் தொண்டையைச் செருமினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"மேடம், எழுதாதீங்க," என்றார். "தெற்குலயும் அந்த நாத்துல ரெண்டு முடி நட்டேன். இவளுக்குத் தெரியாது."

என் கண்ணெதிரே ஒரு வருஷத்துப் பாடும் போனது. நான் அழவில்லை. காலையில் நான் வாய்க்கு வந்தபடி திட்டிய அந்த மனுஷனின் கையை, மேடம் பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லாமல், கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த சம்பாவுக்கு விதைப்பண்ணைய எப்ப மேடம் பதியணும்?" என்று கேட்டார் அவர்.