ஐந்து புள்ளி ஒன்பது

வீடு மாற்றுகிற நாளன்றுதானா லேப்காரருக்கு வலதுகால் பெருவிரல் வீங்க வேண்டும்? வீங்கித் தொலைத்தது. காலையில் கண் விழித்தபோது விரல் செக்கச்செவேலென்று பளபளத்துக்கொண்டிருந்தது. போர்வையின் ஓரம் பட்டதற்கே அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

"மூணு மாடி. லிஃப்ட் கிடையாது. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் இறக்கணும். சரியா இன்னிக்குப் பாத்து கால்வலி," என்றாள் மனைவி. "போன தடவை வீடு மாத்தினப்போ பல்வலி. அதுக்கு முந்தின தடவை முதுகுவலி."

"அதெல்லாம் சும்மா சொன்னது. இது நிஜமாவே வலிக்குது!"

பழைய பொய்களை ஒப்புக்கொள்கிற நேரமா அது? சாமான் ஏற்ற வேனோடு வந்திருந்த மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது, சும்மா சொல்லக்கூடாது. இருபது வருஷமாக ரத்தம் எடுக்கிறார், ஒரு குழாய்கூட மாறிப்போனதில்லை. ஆனால் தலைக்கனம்! மெஷின் சொல்வதுதான் நோய், மற்றதெல்லாம் கற்பனை என்பது அவர் கட்சி. யாராவது ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "இருந்தாலும் வலிக்குதே சார்" என்று இழுத்தால், "நம்பர் நார்மல். வலி மனசுல," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவருக்கு 'நார்மல் சார்' என்று பெயரே விழுந்துவிட்டது. அதுவும் அவருக்குப் பெருமைதான், கேட்டுக்கொள்ளுங்கள்.

"இது யூரிக் ஆசிட்," என்றார் கட்டிலில் உட்கார்ந்தபடியே. "ரத்தத்துல கூடிப்போனா உப்பு மாதிரி படிகமாகி மூட்டுல போய் உக்காந்துக்கும். வாங்க லேபுக்கு, நம்பரைக் காட்டுறேன். ஏழு வரைக்கும் நார்மல். அதைத் தாண்டலைன்னா பீரோவை நானே முதுகுல தூக்கறேன், போதுமா?"

மூன்று பேரும் காலி வேனிலேயே போனார்கள். லேபில் கூட வேலை பார்க்கிற பெண் அவர் கையில் ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தாள். லேப்காரர் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, ஜெயித்துவிட்டவர் மாதிரி மச்சினனைப் பார்த்தார். மெஷின் முனகி முனகி ஒரு வழியாகத் தாளைத் துப்பியது.

ஐந்து புள்ளி ஒன்பது.

"மறுபடி போடு!"

மறுபடியும் அதே ஐந்து புள்ளி ஒன்பது.

லேப்காரர் பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். இதில் கூத்து என்னவென்றால், ஒரு நிமிஷம் அவருக்கே தன் விரல்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை வலிக்கவே இல்லையோ? தரையில் அழுத்தி ஊன்றிப் பார்த்தார். உயிர் போய் உயிர் வந்தது.

"அத்தான், பீரோ காத்துக்கிட்டிருக்கு," என்றான் மச்சினன்.

மனைவி சிரிக்கவில்லை. அவள் பார்லரில் முடி வெட்டுகிறவள், நாள் முழுக்க நின்றே பிழைப்பவள். "ஆறு மாசமா எனக்குக் குதிகால் வலி. காலையில எழுந்து பாத்ரூம் வரைக்கும் நடக்க முடியல. நீங்க என்ன பண்ணீங்க? ரத்தம் எடுத்தீங்க. நார்மல்னு தாளை நீட்டினீங்க. அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டேன்ல? இப்போ உங்களுக்கும் நார்மல். வாங்க, தூக்குங்க."

லேப்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. "சத்தியமா வலிக்குதுடி. நம்பேன்!"

இந்தச் சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். விரலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"வலி பிடிச்சிருக்கிற நேரத்துல யூரிக் ஆசிட் ரத்தத்துல இறங்கி நார்மலா காட்டறது உண்டுங்க. ரெண்டு வாரம் கழிச்சு எடுத்தா ஏறியிருக்கும். இருபது வருஷமா இங்க இருக்கீங்க, இது தெரியாதா?"

"நான் நம்பரை மட்டும்தான் பாப்பேன் டாக்டர்," என்றார் ஈனஸ்வரத்தில்.

டாக்டரம்மா விரலைத் துடைத்து, மூட்டிலிருந்து ஊசியால் ஒரு சொட்டு நீர் எடுத்தார். மனுஷன் கத்தின கத்தல் தெருமுனை வரை கேட்டது. "பூனைக்குக்கூட யூரிக் ஆசிடைக் கரைக்க ஒரு என்சைம் உண்டு," என்று டாக்டரம்மா பேச்சுக் கொடுத்தார். "நமக்குத்தான் இல்லை. பெரும்பாலும் கிட்னிதான் வெளியேத்தணும்."

"அப்போ அத்தானைவிட பூனை தேவலை," என்றான் மச்சினன்.

சொட்டு மைக்ராஸ்கோப்பின் அடியில் போனது. லேப்காரர் நொண்டிக்கொண்டே போய்க் கண்ணை வைத்தார். மஞ்சளும் நீலமுமாக, கூர் கூராக, ஊசிகள்! இத்தனை ஊசி குத்தினால் எவன்தான் கத்தமாட்டான்?

"இருக்கு! இருக்கு! வந்து பாரு!" என்று குதித்தார். குதித்த வேகத்தில் அலறினார்.

மனைவி குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு," என்றாள். "உங்களுக்கு சாட்சி கிடைச்சிடுச்சு. நல்லா இருங்க. உங்க மச்சினன் வேற ஆளைப் பிடிச்சு பீரோவைத் தூக்கட்டும்." சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள். குதிகாலைத் தரையில் வைக்காமல் நடந்தாள். ஆறு மாசமாக அப்படித்தான் நடக்கிறாள் போலிருக்கிறது. அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

அவருக்கு வெட்கமாகிவிட்டது. சின்ன வெட்கமில்லை.

"நில்லு," என்றார். ஒரு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளிவிட்டு, எதிரில் தரையில் மெதுவாக உட்கார்ந்தார். "உக்காரு. எங்க வலிக்குது?"

"ரிப்போர்ட்தான் இருக்கே. எடுத்துப் பாருங்க."

"அது கிடக்கட்டும். எங்கன்னு சொல்லு."

அவள் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள். அவர் குதிகாலின் அடியில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினார். "ஸ்ஸ்" என்று அவள் முகத்தைச் சுளித்தாள். அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

அப்புறம் தலையைத் திருப்பி, "டாக்டர், இவளுக்கு வலிக்குது," என்றார்.