தலை எண்ணிக்கை

"உங்கப்பா இன்னும் வார்டுலதாம்மா இருக்காரு," என்றார் பிணவறைக் கவுன்டர்காரர், மூன்றாவது முறையாக.

டாக்டர் கையெழுத்திட்ட இறப்புச் சான்றை மகள் கண்ணாடி இடுக்கு வழியாக மறுபடியும் தள்ளினாள். காலை ஆறே முக்காலுக்கு உயிர் போயிருந்தது. இப்போது மணி பத்தரை. பன்னிரண்டுக்கு மின்மயானத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள். விட்டால் நாளைக்குத்தான்.

"பேப்பரை வச்சு நான் என்ன பண்றது? கம்ப்யூட்டர் ஒத்துக்கிட்டாத்தான் பாடியை விடற சீட்டு வரும். ஏழாம் கட்டில், சிகிச்சையில இருக்காருன்னு போட்டிருக்கு. எந்த மகராசன் எழுதிக் குடுத்தானோ இந்தக் கருமத்தை!"

மகராசி அவர் எதிரில்தான் நின்றிருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன் இந்த ஆஸ்பத்திரிக்கு அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தவள் அவள். வார்டில் ஒரு பட்டியல், கவுன்டரில் அதன் நகல். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கவுன்டர் கம்ப்யூட்டர், வார்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கும். எண்ணிக்கை மாறியிருந்தால் முழுப் பட்டியலையும் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் எதுவுமே மாறவில்லை என்று சும்மா கிடக்கும். இணைப்பு ஆமை வேகம், முதலாளிக்கோ அவசரம். பிறகு சரிசெய்யலாம் என்று விட்டாள். அந்தப் பிறகு வரவே இல்லை.

இன்று காலை நர்ஸ் அப்பாவின் பெயரை எடுத்த கையோடு, அந்தக் கட்டிலுக்கு வந்தவரின் பெயரைச் சேர்த்திருக்கிறாள். எண்ணிக்கை நாற்பத்தொன்று, நாற்பத்தொன்றாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. அதற்குப் பிறகு யாரும் சேரவுமில்லை, வீட்டுக்குப் போகவுமில்லை.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். புரோகிராமை எழுதிய புதிதில், சாப்பாட்டு நேரத்தில் அவள் இதைப் பெருமையாக விளக்கியபோது அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"வெறும் தலையை எண்ணுவியா? ஒருத்தன் இறங்கி ஒருத்தன் ஏறினா எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும். டிக்கெட் வாங்காதவன் ஜாலியா வருவான். மூஞ்சியைப் பாக்கணும்டி."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுப்பா," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து போனாள். இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பெஞ்சில் சித்தப்பாவோடு உட்கார்ந்திருந்த அம்மா கேட்டாள். "என்னடி சொல்றாங்க?"

"இன்னும் இருக்காருன்னு சொல்றாங்கம்மா."

அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கம்ப்யூட்டர்லம்மா."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவள் அலுவலகத்தில் ஒருவரும் போனை எடுக்கவில்லை. எரிச்சலோடு படியேறி வார்டுக்கு ஓடினாள்.

"சிஸ்டர், லிஸ்ட்ல ஒரு ஆளைச் சேருங்க. அஞ்சு நிமிஷம் போதும்."

"யாரை?"

"யாரையாவது. எண்ணிக்கை மாறினாத்தான் கீழ அப்பாவை விடுவாங்க."

"இல்லாத ஆளை எப்படிங்க சேக்கறது? நாளைக்கு என் தலைதான் உருளும்."

"அப்போ என்னைச் சேருங்க. நான் இருக்கேன்ல?"

நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உடம்புக்கு என்னன்னு போட?"

"தலைவலி." அது பொய்யுமில்லை.

கீழே வந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் கவுன்டரின் பிரிண்டர் கரகரத்தது. "அப்பாடா, போயிட்டாரு!" என்றார் கவுன்டர்காரர். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு சீட்டை நீட்டினார்.

"அந்த மகராசன் நான்தாங்க," என்று சொல்லி அதை வாங்கிக்கொண்டாள்.

முந்தாநாள் அப்பாவைக் கொண்டுவந்த அதே ஆம்புலன்ஸ்தான் வந்தது. டிரைவர் தன் நோட்டைப் புரட்டினார்.

"வரும்போது நாலு பேரு. இப்பவும் நாலுதானே?"

சித்தப்பா திரும்பிப் பார்த்து எண்ணினார். "நாலுதான்."

மகள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்புவதற்குள் வெள்ளைத் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள்.