சந்தனமாரி ஏன் சிரித்தாள்

ஸ்வீட்லினின் தையல்கடை பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படியேறி வருகிற பெண்கள் அளவு கொடுக்கும்போதுதான் அதிகம் பேசுவார்கள். இடுப்பில் டேப் விழுந்த உடனே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பேச்சு மட்டும் நிற்காது. அந்த ஐப்பசியில் எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் டிவியில் வந்துகொண்டிருந்த ‘எடை மேடை’.

உடம்பு பெருத்தவர்கள் சிலரைச் சென்னைப் பக்கம் ஒரு பங்களாவில் தங்கவைத்து, ஓடவிட்டு, குதிக்கவிட்டு, வாரக் கடைசியில் ஒரு பெரிய எடைமிஷின் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். யாருக்கு எடை இறங்கவில்லையோ அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். கடைசி வரை நிற்பவருக்குப் பரிசு.

ஸ்வீட்லின் இதைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்வதில்லை. அவள் முருங்கைக்காய் போல இருப்பாள். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் உடம்பில் சதை ஒட்டவில்லை. எடையைப் பற்றி வாயைத் திறந்தாலே, “ஒனக்கென்னளா, காத்துல பறக்குத ஒடம்பு” என்று அடைத்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் அவள் இலையில் இரண்டாவது தடவை சோறு வைக்கும்போது என்னென்ன சொல்வார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல், அடுத்தவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளப் பழகியிருந்தாள். கேட்கக் கேட்க அவளுக்குள் ‘ஏன்’ என்ற ஒரு சொல் மட்டும் முளைத்துக்கொண்டே இருக்கும்.

அந்த வருஷம் ‘எடை மேடை’யில் ஆழ்வார்குறிச்சிக்காரி ஒருத்தியும் இருந்தாள். பெயர் சந்தனமாரி, அங்கன்வாடி டீச்சர். நம்ம ஊர்ப் பக்கத்துப் பொம்பளை என்று எல்லாரும் அவளுக்காகவே பார்த்தார்கள். நன்றாகத்தான் இளைத்துக்கொண்டு வந்தாள். ஆறாவது வாரம் மிஷினில் ஏறினபோது, குறைவதற்குப் பதில் இரண்டு கிலோ கூடியிருந்தது. நிகழ்ச்சி நடத்துகிறவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எண்ணை வாசித்தார். பின்னணியில் அடித்துக்கொண்டிருந்த மேளம் நின்றது. அப்போது சந்தனமாரி சிரித்தாள். லேசான சிரிப்பு இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அதோடு அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு மட்டும் ஃபோன் ஃபோனாக ஊரைச் சுற்றியது. கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பாங்கில் வேலைபார்க்கும் பெண்ணுக்கு அது திமிர். நிச்சயமான பெண் ஒருத்தி, காசு கொடுத்துச் சிரிக்கச் சொல்லியிருப்பார்கள் என்றாள். மேலப்பாளையத்திலிருந்து வருகிற நஃபீஸத் அடித்தே சொன்னாள், அவமானம் தாங்காமல் புத்தி பேதலித்துவிட்டது என்று. அல்லாஹ் கொடுத்த உடம்பை நாலு பேர் பார்க்கத் தராசில் ஏற்றுகிறவர்கள் நல்லா இருப்பார்களா என்று நிகழ்ச்சிக்காரர்களை வைவாள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவள் அதைத் தவறவிட்டதில்லை.

சாலோமி டீச்சர் சொன்னதுதான் வேறு மாதிரி இருந்தது. ஸ்வீட்லினுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். ரிட்டயர் ஆகி, மூட்டுவலியோடு படியேறி வந்து, மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “அவ அந்த மிஷினப் பாத்துச் சிரிச்சாட்டி. நீ யாரு என்னய எடபோடன்னு சிரிச்சா. அதுக்கு எம்புட்டுத் தைரியம் வேணும்.”

ஸ்வீட்லின் அந்த வீடியோத் துண்டைத் தன் ஃபோனில் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தாள். திமிராகவும் தெரிந்தது, தைரியமாகவும் தெரிந்தது. நஃபீஸத் சொன்னதை நினைத்துக்கொண்டு பார்த்தால் பயமாகக்கூட இருந்தது. ஒரே சிரிப்பு எப்படி இத்தனை பேருக்கு இத்தனை விதமாகப் பொருந்துகிறது என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

கடைசிப் போட்டிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் துணிப்பையோடு படியேறி வந்தாள். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தாள். கொழுந்தன் மகளுக்குக் கல்யாணம் என்றும், ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்றும், பிடித்துத் தைக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

“துணிய மட்டும் வெட்டிராதியக்கா. உள்ளயே மடிச்சு விட்டுருங்க. நாளைக்கே பிரிக்க வேண்டி வந்தாலும் வரும்.”

அந்தக் குரலைக் கேட்டதும் ஸ்வீட்லினுக்குத் தெரிந்துவிட்டது. டேப்பைக் கையில் எடுத்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. அளவு கொடுக்கும்போது இந்தப் பெண் மட்டும் வயிற்றை இழுத்துப் பிடிக்கவில்லை. உள்ளபடி நின்றாள்.

“நீங்க சந்தனமாரிதான?”

அவள் தலைப்பை இறக்கிவிட்டாள். ஊருக்குப் பக்கத்தில் அம்பாசமுத்திரத்தில் தைக்கக் கொடுத்தால் பேச்சு வரும் என்றுதான் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்ததாகச் சொன்னாள். இங்கேயும் பேச்சு வரப்போகிறது என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டது ஸ்வீட்லினுக்குத் தெரிந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க அன்னைக்கு எதுக்குச் சிரிச்சிய?”

சந்தனமாரி துணிப்பையைக் கீழே வைத்தாள்.

“ஊருக்கு வந்த நாள்லருந்து எல்லாரும் எங்கிட்ட சொல்லுதாவ. நீ அதுக்குத்தான் சிரிச்ச, இதுக்குத்தான் சிரிச்சன்னு. எம் மாமியா சொல்லுதாவ, பஸ்ல கண்டக்டர் சொல்லுதாரு. ஒருத்தருமே கேக்கலக்கா.”

பிறகு சொன்னாள். அந்தச் சிரிப்பு மிஷின் மேல் சிரித்ததே இல்லை. அது அதற்கு முந்தின நாள், மூச்சுப் பயிற்சி வகுப்பில் சிரித்தது. எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, உள்ளே இருக்கிற துக்கத்தையெல்லாம் பைய வெளியே விடுங்கள் என்று மாஸ்டர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அமைதியில் பக்கத்தில் இருந்த இன்னொரு போட்டிக்காரன், தூத்துக்குடி ஜெய்சன், ஒரு ஏப்பம் விட்டான். கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துத் தின்ற அவன் ஊர் முந்திரி இனிப்பு, மக்ரூன், அதன் வாசம் அறை முழுக்க அடித்தது. சந்தனமாரியால் அடக்க முடியவில்லை. கேமராக்காரர்கள் அதை எடுத்து வைத்திருந்து, எடை கூடின இடத்தில் கொண்டுபோய் ஒட்டிவிட்டார்கள்.

“அப்போ மிஷின் மேல நிக்கையில?”

“காலு குளுந்துச்சு. அது இரும்புத் தகடு, அங்கன ஏசி வேற. எப்போ எறங்கச் சொல்லுவாவன்னு நின்னேன். எறங்கிட்டேன். அம்புட்டுத்தான்.”

கடைசிப் போட்டி முடிகிற வரை உள்ளே நடந்தது எதையும் வெளியே சொல்லக்கூடாது என்று அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போகட்டும், அதுவரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். ஸ்வீட்லின் தலையாட்டினாள்.

தலையாட்டியது எளிதாக இருந்தது. மறுநாளிலிருந்துதான் தொல்லை. முன்பெல்லாம் ஒவ்வொருவரும் சொல்வதைக் கேட்டு, இதுவாக இருக்குமோ அதுவாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, இப்போது விடை தெரிந்துவிட்டது. வாயைத்தான் திறக்க முடியவில்லை. பாங்குப் பெண் மறுபடியும் திமிர் என்றபோது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு குனிந்துகொண்டாள். ஆனால் ஒன்றைக் கவனித்தாள். சந்தனமாரியைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லாம் கொஞ்சம் தங்களைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாங்குப் பெண்ணுக்கு மேலதிகாரி முன்னால் சிரிக்கப் பயம். நஃபீஸத்தின் தங்கை ஒருத்தி பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாமல் சிரிப்பாளாம். அதை இப்போதுதான் நஃபீஸத் வாய்விட்டுச் சொன்னாள். இது முதலிலேயே ஏன் தன் காதில் விழவில்லை என்று ஸ்வீட்லினுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சாலோமி டீச்சர் ஒரு சட்டையைக் கொடுக்க வந்தார். மூட்டுவலி எப்படி என்று கேட்டதற்கு, இப்போது தினமும் வ.உ.சி. மைதானத்தில் நடக்கிறேன் என்றார். பிறகு, கேட்காமலே ஒன்றைச் சொன்னார். போன வருஷம் ஆஸ்பத்திரியில் வராந்தாவில் வைத்து எடை பார்த்தார்கள். நர்ஸ் எண்ணைச் சத்தமாக வாசித்தாள். டீச்சரிடம் படித்த பையன் ஒருவன் வரிசையில் நின்றிருந்தான். அதன்பிறகு டீச்சர் அந்தப் பக்கமே போகவில்லை. சர்க்கரை ஏறினது தெரிந்தும் போகவில்லை.

“இந்தப் பிள்ள சிரிச்சதப் பாத்த பொறவுதான்டி போனேன். திரும்பவும் சத்தமாத்தான் வாசிச்சா. வாசிச்சிட்டுப் போறான்னு நின்னேன்.”

சொல்லக்கூடாது என்பது போய், டீச்சரிடம் ஒருக்காலும் சொல்லவே முடியாதோ என்று ஸ்வீட்லினுக்குத் தோன்றியது. அந்த நேரத்தில் படியில் காலடி கேட்டது. ஜாக்கெட்டை வாங்கச் சந்தனமாரி வந்து நின்றாள்.

டீச்சர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். எழுந்து நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னார். சந்தனமாரி கேட்டுக்கொண்டே ஸ்வீட்லினைப் பார்த்தாள். இவள் யாரிடமும் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. சும்மா நன்றி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஸ்வீட்லின்கூட அதைத்தான் எதிர்பார்த்தாள்.

“டீச்சர், நான் அங்கன சிரிக்கல,” என்றாள் சந்தனமாரி. “நீங்க இம்புட்டு சொன்ன பொறவு மறைக்க எனக்கு மனசு வரல.”

மூச்சு வகுப்பையும் ஜெய்சனையும் சொன்னாள். டீச்சர் பிடித்த கையை விடவில்லை. ஆனால் முகம் அப்படியே நின்றுவிட்டது. கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறை கேட்டு வாதாடுவது கேட்டது.

“அப்போ நான் ஆஸ்பத்திரிக்குப் போனது?” என்றார் டீச்சர். “அது யாரு தைரியம்?”

“எனக்குத் தெரியல டீச்சர். என்னுது இல்ல.”

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கணக்கு ஒன்று தப்பாக வந்தால் முதல் வரியிலிருந்து பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை. பிறகு, “மக்ரூன் வாசமா?” என்றார். ஆமாம் என்றாள் சந்தனமாரி. டீச்சருக்கு உதடு துடித்தது. முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்து சந்தனமாரிக்கும் வந்துவிட்டது. ஸ்வீட்லின் தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊரெல்லாம் சுற்றின அந்தச் சிரிப்பை, தலை பின்னால் சாய, தோள் குலுங்க, அவள் நேரில் பார்த்தாள். ஃபோனில் பார்த்ததைவிடச் சத்தம் அதிகம்.

அதன்பிறகு டீச்சர் அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. கேள்வியாகக் கேட்டார். என்ன சாப்பிடக் கொடுத்தார்கள், தூங்கவிட்டார்களா, வீட்டு ஞாபகம் வந்ததா. சந்தனமாரி வரிசையில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். வேகவைத்த காய் நாக்கில் ஒட்டவில்லை. அழச் சொல்லித் திரும்பத் திரும்ப அம்மா சாவைப் பற்றிக் கேட்டார்கள். அது மட்டும் அவளுக்கு ஆறவே இல்லை. இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாய், இல்லையா என்று டீச்சர் கேட்டதற்கு, அவள் சொன்ன பதில் இருவருக்குமே எதிர்பாராதது.

“கூப்பிட்டா நாளைக்கே போவேன் டீச்சர். அங்க நான் ஓடுனேன். வயசுக்கு வந்த பொறவு நான் ஓடுனதே கெடயாது. காலையில அங்கன கடக்கர மணல்ல ஓடையில, இது யாரு காலுன்னு இருந்துச்சு. இங்க எங்க ஓட? ஓடுனா, என்ன வீட்டுல தீப்பிடிச்சிட்டான்னு கேப்பாவ.”

வெளியே இருட்டத் தொடங்கியதும் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டீச்சரும் கூடவே இறங்கினார். பஸ் நிறுத்தம் வரை இருவரும் பேசிக்கொண்டே போனதை ஸ்வீட்லின் ஜன்னலிலிருந்து பார்த்தாள். டீச்சர் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் போட்டியில் ஜெய்சன்தான் ஜெயித்தான். மிஷின் மேல் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்றார் நடத்துகிறவர். திங்கட்கிழமை காலையில் நஃபீஸத் வந்து, அவன் அழுதது செத்துப்போன அப்பாவை நினைத்துத்தான் என்று அடித்துச் சொன்னாள். இப்போது சொல்லலாம் என்று ஸ்வீட்லின் சந்தனமாரியின் சிரிப்புக் கதையைச் சொன்னாள். நஃபீஸத் முதலில் நம்பவில்லை. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“அப்போ ஏளா, இவன் அழுதது?”

ஸ்வீட்லினுக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை நாள் ஒரு சிரிப்பிலேயே நின்றுவிட்டாள்; இத்தனை வாரமாக அந்த மிஷின் மேல் இத்தனை பேர் அழுதார்களே, அதெல்லாம் உண்மையில் எங்கே, எதற்கு அழுதது? ஃபோனை எடுத்துச் சந்தனமாரியைக் கூப்பிட்டாள். அங்கன்வாடிப் பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது.

“அது எனக்குத் தெரியாதேக்கா, அன்னைக்கு நான் அங்கன இல்லல்லா. அவன் நம்பர் இருக்கு. கேட்டுச் சொல்லட்டா?”

நஃபீஸத் ஸ்டூலை இழுத்து ஃபோனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கேட்கச் சொல் என்று கையைக் காட்டினாள்.