உப்பு பூக்காத டப்பா

1

இந்தக் கதை நான் யோசித்து உண்டாக்கியது இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியிலிருந்த ஒரு அம்மா இதை என் மடியில் கொண்டுவந்து வைத்தார். வைத்தார் என்றால் நிஜமாகவே வைத்தார். நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. திறந்தால் உள்ளே ஒரு வரிசைப் பல். பல்கூட இல்லை, பல்லின் மேல் மாட்டுகிற கண்ணாடி போன்ற உறை. அதற்கு ரிட்டெய்னர் என்று பெயர்.

(பல்லுக்குக் கிளிப் போட்டு நேராக்கியவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கிளிப்பைக் கழற்றியபின் பல் சும்மா இருக்காது. பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த, தினமும் படுக்கும்போது இந்த உறையை மாட்டிக்கொள்ள வேண்டும். காலையில் கழற்றி, காயாமல் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். பழக்கம் விட்டுப்போனால் பல் கோணிக்கொள்ளும். இதற்கு மேல் எனக்கும் தெரியாது.)

என் பிழைப்பையும் சொல்லிவிடுகிறேன். வண்டி இன்சூரன்ஸில் சேதம் பார்க்கும் வேலை. லாரி புளியமரத்தில் மோதிவிட்டது என்பார்கள். நான் போய் லாரியைப் பார்க்க மாட்டேன், மரத்தைப் பார்ப்பேன். மரத்துப் பட்டை நலுங்காமல் இருந்தால் அங்கேயே கேஸ் முடிந்தது. ஆகவே யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை நான். உங்களையும் சேர்த்துத்தான். பல் உறையைப் பற்றிய கதையைக் கடைசிவரை படிக்கப் போகிறீர்களாக்கும்? பார்க்கலாம்.

2

முதல் தொடக்கம்: "சாயல்குடிக்குத் தெற்கே, கடல் காற்றில் பனை ஓலைகள் சலசலக்க" வேண்டாம். பனைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் தொடக்கம்: "சிநேகா சிரித்தாள். அந்தச் சிரிப்பில்..." இதையும் அடித்துவிட்டேன். நான் பார்த்த அன்று அந்தப் பெண் சிரிக்கவே இல்லை.

சரி, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அந்த அம்மாவின் பெயர் முருகலட்சுமி. சாயல்குடிப் பக்கம் ஒரு கிராமம், மிளகாய் போடுகிற குடும்பம். எதிர் நாற்காலியில் இருந்தவள் மகள் சிநேகா. பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மதுரையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

"சார், பாத்தா நாலு எடம் போயி வாரவுக மாதிரி இருக்கீக. இதுல ஒரு பொட்டாவது உப்பு பூத்திருக்கா, பாத்துச் சொல்லுங்க."

என் கடைவாய்ப் பல் மரத்துப்போக ஊசி போட்டு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். பாதி முகம் என்னிடம் இல்லை. டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். உறை பளிங்கு மாதிரி இருந்தது.

"எங்க ஊரு போர்த் தண்ணி அப்பிடி சார். ஒரு செம்ப நெறச்சு வச்சா ரெண்டு நாள்ல சுத்தி வெள்ளையாப் படிஞ்சுரும். வாளி, கொழா, மோட்டாரு, எல்லாம் உப்பு. இது மாசக்கணக்கா தண்ணிக்குள்ளயே கெடக்குதுன்னு சொல்றா. கெடந்தா பூக்கணும்ல? பூக்கலையே! அப்பன்னா தண்ணியில போடவே இல்ல. ஏன் போடல? ராத்திரி மாட்டுனாத்தான காலையில கழட்டிப் போட?"

அடேயப்பா. இந்த அம்மா என் வேலைக்கு வந்திருந்தால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"போடுறேம்மா. தெனமும் போடுறேன்" என்றாள் சிநேகா.

"அப்ப உப்பு எங்கன போச்சு?"

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பாத்தீகளா, பதில் இல்ல. இந்த ஒண்ண மாட்ட வைக்கவே நான் பக்கத்துல நிக்கணும்னா ஹாஸ்டல்ல எவ நிப்பா? இங்கனயே பொய் சொல்றவ அங்கன போயி என்னென்ன செய்வா? அவுக அய்யாட்ட சொல்லிட்டேன், மதுரையும் வேணாம் ஒண்ணும் வேணாம், பக்கத்துல பஸ்ஸுல போயி வார மாதிரி ஒரு காலேஜுல சேத்து விடுங்கன்னு. நான் சொல்றது சரிதான சார்?"

"ம்ம்" என்றேன். மரத்த வாயில் வேறு என்ன வரும்?

"இந்தா, சாரே சொல்லிட்டாரு."

சிநேகா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு உவமை தேடினேன், கிடைக்கவில்லை. முறைத்தாள், அவ்வளவுதான்.*

* இதற்கு நடுவில் முருகலட்சுமி பக்கத்து வீட்டுப் பூமயிலைப் பற்றியும் பொரிந்து தள்ளினார். வீட்டில் நல்ல தண்ணீர்க் குடம் தினமும் குறைகிறதாம். பூமயில்தான் மொண்டு போகிறாளாம். தெருவில் நின்று கேட்டுவிட்டாராம், இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லையாம். கதைக்குச் சம்பந்தமில்லாததால் கீழே தள்ளிவிட்டேன்.

3

இந்த இடத்தில் சிநேகாவை நான் நம்பவில்லை என்று எழுதியிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். போடாதவள், பொய்க்காரி, செல்போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு டப்பாவை மறந்தவள். பாத்திரம் நன்றாகவே வந்தது. ஒரே தொந்தரவு, டாக்டர்.

டாக்டர் நூர் நிஷா, கீழக்கரைக்காரர். அன்று மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து முருகலட்சுமியிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

"மாட்டிப் பாத்தேன், அழகா உக்காருது. போடாம விட்டிருந்தா இறுக்கும், வலிக்கும். பிள்ளை ஒழுங்காத்தான் போடுது. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

முருகலட்சுமி தலையை ஆட்டினார். டாக்டர் உள்ளே போனதும் என் பக்கம் சாய்ந்தார்.

"டாக்டரம்மா தங்கமானவுகதேன். ஆனா பிள்ளைக பக்கம் பரிஞ்சு பேசுறவுக."

அவர் டாக்டரை நம்பவில்லை. எனக்கோ இப்போது யாரை நம்புவதென்று தெரியவில்லை. உறை பொருந்துகிறது என்றால் போடுகிறாள். போடுகிறாள் என்றால் தண்ணீரில் கிடக்கிறது. தண்ணீரில் கிடந்தால் உப்பு பூக்க வேண்டும். பூக்கவில்லை. லாரியும் நொறுங்கியிருக்கிறது, மரமும் நலுங்கவில்லை.

எழுதிய பக்கத்தைக் கிழித்தேன். (கிழித்தேன் என்பது சும்மா. கம்ப்யூட்டரில் எழுதுகிறேன், அழித்தேன்.)

4

பிறகு சிநேகாவின் வீட்டை எழுத உட்கார்ந்தேன். நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. ஆனால் சேதம் பார்க்க அந்தப் பக்கம் போய் வந்த வீடுகள் நிறைய. எல்லா வீட்டிலும் தண்ணீர் இரண்டு சாதி. குளிக்க, துவைக்க, கழுவ, வாய் கொப்பளிக்க உப்புத் தண்ணீர். குடிக்கவும் உலை வைக்கவும் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்று பெண்கள் தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்று பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அதில் ஒரு சொம்பு எடுத்துக் கைகழுவிப் பாருங்கள். விருந்தாளி என்றும் பார்க்க மாட்டார்கள்.

எழுதினேன்: "காலையில் சிநேகா எழுந்தாள். உறையைக் கழற்றிக் கழுவினாள். டப்பாவில் போட்டு அதில்..."

அதில் எந்தத் தண்ணீர்?

அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் எனக்கு முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. நான் அடிக்குறிப்பில் தள்ளிய பூமயிலை மேலே இழுத்து வந்தேன். நல்ல தண்ணீர் குறைகிறது. உறையில் உப்பு பூக்கவில்லை. முருகலட்சுமிக்கு இரண்டு சந்தேகம், இரண்டும் தனித்தனியாக. ஒன்று மகள் மேல், ஒன்று பக்கத்து வீட்டுக்காரி மேல். இரண்டையும் ஒரே டம்ளரில் ஊற்றிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதுதான் எரிச்சல்.

அப்படியானால் சிநேகா ஏன் வாயை மூடிக்கொண்டாள்? நல்ல தண்ணீர் என்று ஒரு வார்த்தை சொன்னால் மதுரைக்குப் போகலாமே?

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: சிநேகா உண்மையைச் சொல்கிறாள். முருகலட்சுமி விழுந்து விழுந்து சிரிக்கிறார். பூமயில் வீட்டுக்கு ஒரு தூக்குச் சட்டியில் குழம்பு போகிறது. (இந்த முடிவை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.)

இரண்டாவது முடிவு: அவள் சொல்லவே இல்லை. பக்கத்தில் பஸ்ஸில் போய் வருகிற கல்லூரியிலேயே சேர்கிறாள். பல் மட்டும் கடைசிவரை நேராக இருக்கிறது. (இது கோபத்தில் எழுதியது.)

மூன்றாவதை ஆரம்பிப்பதற்குள் என் கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடும் நாள் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே நாற்காலிகள். முருகலட்சுமி என்னைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார்.

"சார்! நல்லவேளை நீங்களே வந்தீக. இங்க பாருங்க!"

டப்பா மறுபடி என் மடியில். உறை வெள்ளை பூத்துக் கிடந்தது. விளிம்பெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

"பூத்திருச்சு சார்! நான் போட்ட போடுல வழிக்கு வந்துட்டா. அவுக அய்யா வெளிய நிக்காரு. ஹாஸ்டல்ல இன்னைக்குள்ள சொல்லணுமாம். இருங்க, அவரையும் கூட்டியாரேன், நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் வெளியே போனார். மகளும் நானும் டப்பாவும்.

6

இந்தப் பேச்சு நடந்ததா, நான் எழுதியதா என்று உங்களுக்குச் சந்தேகம் வரும். வரட்டும். வராவிட்டால்தான் எனக்கு வருத்தம்.

"முன்னாடி நல்ல தண்ணியிலதான போட்டு வச்சிருந்தே?" என்று கேட்டேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எழுதிக்கிட்டு இருந்தப்ப தெரிஞ்சுச்சு."

"எழுதுனீகளா? ஐயையோ! அம்மாட்ட காட்டிராதீக சார்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "மொதல்ல உப்புத் தண்ணியிலதான் போட்டேன். கரகரன்னு இருந்துச்சு, வாயெல்லாம் கரிச்சுச்சு. மாட்டவே பிடிக்கல, பாதி நாளு விட்டுருவேன். நல்ல தண்ணிக்கு மாத்துனப்பெறகுதான் பழக்கமாச்சு. இப்பல்லாம் அது இல்லாம தூக்கமே வராது."

"இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"எச்சிப் பொருளக் கழுவ நல்ல தண்ணிய ஊத்துனேன்னு சொல்லச் சொல்றீகளா? அம்மா வெயில்ல அந்த வண்டியத் தள்ளிக்கிட்டு வாரத நீங்க பாத்தது இல்ல. சரி, திட்டட்டும், அடிக்கட்டும். ஆனா பூமயில் அத்தைய தெருவுல வச்சுக் கேட்டுட்டாகளே சார். எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாக. இப்ப நாந்தான் எடுத்தேன்னு சொன்னா எங்கம்மா மூஞ்சிய எங்கன கொண்டுபோயி வைக்கும்?"

டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.

"அப்ப இந்த உப்பு?"

"அம்மா கேட்டுச்சு, குடுத்துட்டேன். உப்புத் தண்ணியில போட்டு ஜன்னல்ல தொறந்தே வச்சேன். தண்ணி வத்த வத்த மேல ஊத்துனேன்."

"ராத்திரி?"

"ராத்திரியும் எடுக்கல. எடுத்தா எப்பிடிப் பூக்கும்?"

அவள் நாக்கால் முன்பல்லைத் தடவிக்கொண்டாள். "நேத்து மாட்டிப் பாத்தேன். உள்ள போகமாட்டேங்குது, வலிக்குது. டாக்டரு மாட்டிப் பாத்தா கண்டுபிடிச்சுருவாக. அதுக்குள்ள அய்யா போன் பண்ணிட்டாப் போதும்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "மதுரையில ஹாஸ்டல்ல கொழாயத் தொறந்தாலே நல்ல தண்ணி வருமாமே, நெசமா சார்? வந்தா தெனமும் போடுவேன். பல்லு பழையபடி வந்துரும்ல?"

தெரியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முருகலட்சுமி கணவரோடு வந்துவிட்டார். கணவர் கையில் போன். நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, அழுத்தாமல் நிற்கிறார்.

7

இதோடு நான் எழுந்துகொள்கிறேன்.

தப்பிக்கிறேன் என்று நினைப்பீர்கள், நினையுங்கள். பொய்யான சேதத்தைக் காட்டி நியாயமான ஆள் கேட்கிற கேஸ் என் கைக்கு இதுவரை வந்ததில்லை. போன தடவை என் வாய் மரத்திருந்தது. இந்தத் தடவை அதுவும் இல்லை.

என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். டப்பாவைப் பிடியுங்கள், சாய்க்காமல், உப்பு உதிர்ந்துவிடப் போகிறது. உள்ளேயிருந்து நர்ஸ் சிநேகாவின் பெயரைக் கூப்பிட்டாயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நீங்களே சொல்லுங்க சார்" என்கிறார் முருகலட்சுமி. "எம்மகள நம்பி அனுப்பலாமா?"